ஒரே சீரியல் கேபிளில் இரண்டு டெர்மினல்: மறுமொழி

வணக்கம் தம்பி. கொட்டியாரக் குடாப் பக்கம் வைத்த லினக்ஸ் பெட்டிக்கு ஒரு சீரியல் கேபிள்தான் இருக்கு, லொக்கை (பெட்டி எழுதிக்கொண்டிருக்கும் பதிவை) பார்த்துக்கொண்டே கோப்பைத் திருத்த வழியில்லை என்று கேட்டிருந்தீர்கள். வழி இருக்கு.

ஒரே டெர்மினலுக்குள் பல ஜன்னல் திறந்து தருகிற டிமக்ஸ் (tmux) என்ற மென்பொருளை அந்தப் பெட்டிக்குள்ளேயே ஓட விடுங்கள். மடிக்கணினியில் போட்டுப் பலனில்லை. கேபிளுக்கு அந்தப் பக்கம் அப்போதும் கட்டளை வாங்குகிற ஷெல் ஒன்றே ஒன்றுதான். ஸ்க்ரீன் (screen) என்ற மென்பொருளும் இதே வேலையைச் செய்யும். ஆனால் நீங்கள் மடிக்கணினியில் சீரியல் தொடர்புக்கு மினிகொம் (minicom) பாவிக்கிறீர்கள். அதற்கும் ஸ்க்ரீனுக்கும் கட்டளை விசை ஒன்றே, கன்ட்ரோல்-ஏ. டிமக்ஸுக்கு கன்ட்ரோல்-பி என்பதால் அந்த இழுபறி வராது.

அடுத்தது வேகம். 9600 போட் (baud) வேகத்தில் செக்கனுக்கு 960 எழுத்துத்தான் போகும். 80க்கு 24 திரையில் 1920 எழுத்து. முழுத்திரையையும் ஒருமுறை வரைய இரண்டு செக்கன்! ஒரே திரையை இரண்டு பகுதியாகப் பிரித்து வைத்தால் ஓடுகிற லொக் உங்கள் தட்டச்சை இழுத்துப் பிடிக்கும். தனித்தனி ஜன்னலாக வைத்து மாறி மாறிப் பாருங்கள். முடிந்தால் இரண்டு முனையிலும் 115200க்கு ஏற்றுங்கள்.

திரை அளவு கேபிள் வழியாகத் தானாகப் போகாது. திரை குழம்பினால், டிமக்ஸைத் தொடங்கமுன் எஸ்டிடிஒய் (stty) என்ற டெர்மினல் அமைப்புக் கட்டளையால் 24 வரி, 80 நிரல் என்று சொல்லிவிடுங்கள்.

கேபிள் கழன்றாலும் டிமக்ஸுக்குள் ஓடுகிற வேலை நிற்காது. கடற்கரையில் இதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். உப்புக்காற்றில் இணைப்பு முனை பச்சை பூத்து, பாதி வேலையில் தொடர்பு விட்டுப்போன அனுபவம் எனக்கு இருக்கு. முனைகளையும் ஒருக்கால் துடைத்துப் பாருங்கள்.

கோப்பும் அனுப்பவேண்டி வந்தால் அதே கேபிளை வலையமைப்பு இணைப்பாக்கும் பிபிபி (PPP) ஏற்றி, அதன்மேல் எத்தனை எஸ்எஸ்எச் (SSH) தொலை டெர்மினல் வேண்டுமானாலும் திறக்கலாம். பெட்டியில் பிபிபியை ஓட்டும் பிபிபிடி (pppd) இருக்கா என்று பார்த்து எழுதுங்கள், அமைப்பை எழுதித் தருகிறேன்.