‘ராணுவ அனுமதி வாங்கியாயிற்று’ என்கிறார் தரகர்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் குடும்ப நிலத்தில் மூன்று காற்றாலைகள் அமைக்க 30 ஆண்டுக் குத்தகை கேட்டு ஒரு நிறுவனத்தின் சார்பில் தரகர் வந்திருக்கிறார். நிலத்திலிருந்து 18 கிலோமீட்டரில் விமானப்படையின் ராடார் நிலையம் இருக்கிறது. “அவ்வளவு தூரத்தில் ஒரு சிக்கலும் வராது, ராணுவ அனுமதியும் வாங்கியாயிற்று” என்று ஒரு கடிதத்தின் நகலைக் காட்டி அவசரப்படுத்துகிறார். நடுவில் ஒரு குன்றும் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். அந்தக் கடிதத்தை முழுதாக வாங்கிப் படித்த பிறகு முடிவு செய்யலாம்.

முதலில் 18 கிலோமீட்டர் கணக்கைப் பார்ப்போம். ராடாரின் தலை தரையிலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றாலையின் இறக்கை நுனி 200 மீட்டர் வரை எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் அந்த நுனி ஏறத்தாழ 79 கிலோமீட்டர் தொலைவு வரை ராடாருக்குத் தெரியும். நீங்கள் அதன் கண்ணெதிரே இருக்கிறீர்கள். ராடார் அசையாத பொருள்களை ஒதுக்கிவிட்டு நகர்பவற்றை மட்டும் காட்டும். கோபுரம் நிற்பதால் அதை ஒதுக்கிவிடலாம். இறக்கையின் நுனியோ மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் சுழல்கிறது. சிறு விமானத்தின் வேகம் அது. திரையில் பொய்ப் புள்ளிகள் மின்னும். அவற்றுக்கு நடுவே நிஜ விமானம் தொலைந்துபோகும். ராணுவம் வீம்புக்காக மறுப்பதில்லை.

பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 845 மெகாவாட் ஷெப்பர்ட்ஸ் பிளாட் காற்றாலைத் திட்டம் தொடங்கவிருந்த 2010இல், பாசில் ஊரிலுள்ள ராடாருக்கு இடையூறு என்று பாதுகாப்புத்துறை ஆட்சேபித்தது. பிறகு ஆட்சேபம் விலக்கப்பட்டது. சுவீடனில் அந்த அதிர்ஷ்டமும் இல்லை: 2024 நவம்பரில் பால்டிக் கடலில் 13 காற்றாலைத் திட்டங்களைப் பாதுகாப்புக் காரணத்துக்காக அரசு நிராகரித்தது.

இனி கடிதம். தரகர்கள் காட்டும் ‘ராணுவ அனுமதி’களில் நான் அதிகம் பார்த்தது, “தங்கள் விண்ணப்பம் கிடைக்கப்பெற்றது” என்ற ஒப்புகைச் சீட்டுதான். மேலே முத்திரை, கீழே கையெழுத்து, நடுவில் விண்ணப்ப எண். ஆட்சேபம் இல்லை என்ற சொல் மட்டும் எங்கும் இருக்காது. இன்னொரு வகை, விமான நிலையங்களைக் கவனிக்கும் துறை தந்த உயரச் சான்று. ஓடுபாதையை நெருங்கும் விமானத்துக்கு உயரம் தடையா என்று பார்ப்பவர்கள் அவர்கள். ராணுவ ராடாரைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்வதில்லை. ஒன்றைக் காட்டி இரண்டும் கிடைத்துவிட்டது என்பது மோசடி. அதை வேறு பெயரால் அழைக்க எனக்கு மனமில்லை.

உண்மையான தடையின்மைச் சான்றில் ஒவ்வொரு காற்றாலைக்கும் தனித்தனியாக அட்சரேகை, தீர்க்கரேகை, இறக்கை நுனி வரையிலான உயரம், கடல்மட்டத்திலிருந்து தரையின் உயரம், செல்லுபடியாகும் காலம் எல்லாம் இருக்கும். எண்களை உங்கள் நில வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஒருமுறை என்னிடம் வந்த கோப்பில் 40 பாகை 30 கலை என்று இருக்கவேண்டியதை 40.30 பாகை என்று தட்டச்சு செய்திருந்தார்கள். 30 கலை என்பது அரைப் பாகை, ஆகவே 40.50 என்று வந்திருக்க வேண்டும். அந்தப் பிழையால் அனுமதி 22 கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவருடைய வயலுக்குக் கிடைத்திருந்தது. இரண்டு ஆண்டுகளாக ஒருவரும் கவனிக்கவில்லை.

குன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மறைப்பு இருந்தால் ராடார் சிக்கல் தீரும் என்பது உண்மைதான். ஆனால் பாதி மறைப்பு எதற்கும் உதவாது. ராடாரும் உங்கள் நிலமும் ஒரே தரைமட்டத்தில் இருக்க, சரியாக நடுவழியில் 90 மீட்டர்க் குன்று நிற்கிறது என்று கொள்வோம். உங்கள் நிலத்தில் அது ஏறத்தாழ 165 மீட்டர் உயரம் வரை மறைக்கும். 120 மீட்டரில் இருக்கும் சுழலியின் மையமும் கோபுரமும் மறைந்துவிடும். தரகரும் “பாருங்கள், தெரியவே இல்லை” என்பார். மேலே மீதி 35 மீட்டர் எட்டிப் பார்க்கிறதே, அது இறக்கையின் நுனி. மிக வேகமாகச் சுற்றும் பகுதி அதுதான். ராடாரைக் குழப்புவதும் அதுதான். முழுதாக மறைய அந்தக் குன்று ஏறக்குறைய 110 மீட்டருக்கு மேல் இருக்கவேண்டும். குன்று உங்கள் பக்கம் நெருங்கினால் இன்னும் உயரம் தேவை. ராடார் மலைமேல் இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். காற்றாலையை 300 மீட்டர் நகர்த்தினாலும் மறுபடி கணக்குப் போடவேண்டும். எல்லாம் மறைந்துவிட்டாலும் தாழப் பறக்கும் பயிற்சி விமானங்களுக்குக் காற்றாலை தடையாகவே நிற்கும்; அதற்குக் குன்று துணை செய்யாது. விமான நிலையத்துக்கு வெகுதொலைவில் இருந்தாலும் 150 மீட்டரும் அதற்கு மேலும் எழும் எதையும் தடையாகக் கருதவேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பொது நெறி.

இதில் எனக்குப் பொறுமை போகும் இடம் ஒன்று உண்டு. அந்த ராடாரின் வெள்ளைக் கோளம் சாலையில் போகிற எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதைச் சுற்றி எவ்வளவு தூரம் கட்டக்கூடாது என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஓராண்டு காற்றை அளந்து, நிலம் பேசி, வரைபடம் தீட்டிய பிறகு “ஆட்சேபிக்கப்படுகிறது” என்று ஒரே வரியில் பதில் வரும். காரணம் கேட்டால் ரகசியம். ஜப்பான் 2024இல் இயற்றிய சட்டம் இதைவிட மேல்: மண்டலங்களை முன்பே அறிவித்துவிடுகிறார்கள், அதற்குள் கட்ட நினைப்பவர் பாதுகாப்பு அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும், கடும் இடையூறு என்றால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு கட்டுமானத்தை நிறுத்திவைத்துப் பேசித் தீர்க்க வேண்டும். கோடு எங்கே என்றாவது அங்கே தெரிகிறது.

நீங்கள் செய்யவேண்டியது இது. குத்தகை தொடங்கும் நாள், ராணுவ, சிவில் சான்றுகள் இரண்டும் வந்த நாளாக இருக்கட்டும். சான்றின் நகல் பத்திரத்தின் இணைப்பாகட்டும். குறித்த காலத்துக்குள் அவை வராவிட்டால் ஒப்பந்தம் தானாகவே முறியும் என்று எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் காற்றாலையும் வராது, நிலத்தை வேறொருவருக்குத் தரவும் முடியாது. பின்னாளில் நிறுவனம் உயரமான காற்றாலைக்கு மாறினால் பழைய சான்று போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலப் பத்திரத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். “மேலிடத்தில் ஆள் இருக்கிறார், கொஞ்சம் செலவாகும்” என்று தரகர் தொடங்கினால், அனுமதிச் செலவு நிறுவனத்தினுடையது என்று சொல்லி, நிறுவனத்தின் அதிகாரியே நேரில் வரட்டும் என்று கேளுங்கள்.