குஞ்சுகளுக்குக் கண் வீங்கி மூச்சு இரைக்கிறதா? முதலில் தரையை முகர்ந்து பாருங்கள்

மூன்று வாரக் குஞ்சுகள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கின்றன, சிலவற்றுக்கு மூச்சில் கொர் கொர் சத்தம், எந்த ஆன்டிபயாடிக் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்துக் கடைக்குப் போகும் முன் கூண்டுக்குள் தலையை விட்டு, குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

நான் தொண்டி பக்கம் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். நம் கடற்கரையில் இந்தத் தொல்லை பெரும்பாலும் உப்பில்தான் தொடங்குகிறது. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. தீவனத்தில் சத்துக்கென்று கருவாட்டுத் தூள் வேறு கலக்கிறோம். உப்பு கூடினால் குஞ்சு நிறையக் குடிக்கும், எச்சம் தண்ணீராகப் போகும், கீழே போட்ட உமி நனையும், அதிலிருந்து அம்மோனியா என்ற நெடி வாயு கிளம்பும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டிவிட்டால் அது வெளியேற வழியே இல்லை. காற்றில் அது 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) தாண்டினாலே கண்ணும் மூச்சுக்குழாயும் கெடத் தொடங்கும். கிருமியை வெளியே தள்ளும் நுண்ணிய இழைகள் மூச்சுக்குழாயில் உண்டு. அவை செத்துவிட்டால் சாதாரணச் சளிகூட நுரையீரல்வரை இறங்கிவிடும். இதைச் சரிசெய்யாமல் மருந்து கொடுப்பது வீண் செலவு.

சூட்டுக்குச் சட்டியில் கருவேலங்கரிக் கங்கு வைப்பவர்களும் நம் பக்கம் உண்டு. புகையும் கண்ணைக் கெடுக்கும், மூடிய இடத்தில் கரியின் நச்சு வாயு குஞ்சுகளைக் கொன்றேவிடும். தயவுசெய்து பல்பு போடுங்கள். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்தால் போதும்.

சரி, நாற்றமும் இல்லை, புகையும் இல்லை என்றால் கண்ணை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் சோப்பு நுரை போல் குமிழி, தும்மல், மூக்கில் தீவனத் தூள் ஒட்டியிருப்பது, கண்ணுக்குக் கீழே வீக்கம் எல்லாம் சேர்ந்திருந்தால் அநேகமாக மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா நோய். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கூண்டருகே நின்றால் கொர் சத்தம் தெளிவாகக் கேட்கும். தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவும் இது வரும் என்பதால், தேறிய கோழியின் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். சத்தமே இல்லாமல் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால், பூசணம் பிடித்த உமியோ கடலைத்தோலோ கீழே கிடக்கிறதா என்று பாருங்கள். அது நுரையீரலில் பூஞ்சை, ஆன்டிபயாடிக் பயன்படாது. இமையில் கொப்புளமும் பொருக்கும் இருந்தால் அம்மை, கொசுவை ஒழிக்க வேண்டும். இமைக்குள் வெண்ணிறக் கட்டி திரண்டிருந்தால் வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம்; முருங்கைக்கீரையை அரிந்து போடுங்கள்.

நோய்ப்பட்ட குஞ்சைப் பிரித்து, சூடாக, காற்றோட்டமாக வையுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் சலைனில் பஞ்சை நனைத்து, ஒட்டிய இமையை ஊறவைத்துத் துடையுங்கள். எந்தச் சாற்றையும் கண்ணில் பிழிய வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தும் கூடாது. கண்ணில் புண் இருந்தால் பார்வையே போய்விடும்.

மைக்கோபிளாஸ்மாவுக்கு டைலோசின், டாக்ஸிசைக்ளின் போன்றவற்றை மருத்துவர் தருவார். அளவையும் நாளையும் அவர் சொன்னபடி முடியுங்கள். டாக்ஸிசைக்ளினை நம் கிணற்றுத் தண்ணீரில் கலக்காதீர்கள். கடினநீரின் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், குஞ்சின் உடம்பில் சேராது. பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது.

தடுப்பூசிக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். வெள்ளைக் கழிச்சல் என்ற வைரஸ் நோய்க்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுகிறோம் அல்லவா, அது உயிருள்ள கிருமி. பிற்பாடு குடிநீரில் கொடுக்கும்போது குளோரின் போட்ட காவிரிக் குழாய்த் தண்ணீரில் கலந்தால் அது செத்துவிடும். சொட்டு விட்ட சில நாளைக்கு லேசான தும்மலும் கண்ணீரும் வரலாம், பயப்பட வேண்டாம். ஆனால் தடுப்பூசி போடாத குஞ்சுகள் மூச்சுத் திணறலோடு பச்சையாகக் கழிந்து, கழுத்தைத் திருகினால் அது அநேகமாக வெள்ளைக் கழிச்சல்தான். அதற்கு மருந்து கிடையாது. அந்தக் கூண்டுக்குப் போன காலோடு அடுத்த கூண்டுக்குப் போகாதீர்கள்.

ஒன்றிரண்டு செத்தால் புதைத்துவிட அவசரப்படாதீர்கள். கவரில் கட்டி, மீனுக்குப் போடும் ஐஸில் வைத்து அன்றைக்கே அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். உறைய விட வேண்டாம், குளிர்ச்சி போதும். அறுத்துப் பார்த்து மருத்துவர் சொல்வது, போட்டோவைப் பார்த்து நாங்கள் சொல்வதைவிட நிச்சயமாக இருக்கும். மிச்சக் குஞ்சுகளுக்கு என்ன கொடுப்பது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.