கோச்சு விளக்கைப் பிரித்து மாட்டும் பையனுக்குப் பத்து லட்ச ரூபாய் சீட் வேண்டாம்

போன சனிக்கிழமை காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் பிள்ளையின் படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். பையன் வரவில்லை, அவன் முன்னால் பேச வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். பிளஸ் டூ முடித்திருக்கிறான். வேதியியலில் 78, கணக்கில் 43. சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் தாய்மாமா ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார், இந்த வாரத்துக்குள் அட்வான்ஸ் ரூ.50,000 கட்டியாக வேண்டும். பையனோ எந்த விண்ணப்பத்தையும் தொட்டுப் பார்க்கவில்லை. பழைய சாமான் கடை ஒன்றில் போய் உட்கார்ந்து, கடைக்காரர் கொடுத்த உடைந்த குதிரை வண்டி விளக்கு, அதாவது கோச்சு விளக்கு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்கட்டில் மூன்று வாரமாக அதைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக இருக்கிறான். "இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு சார்" என்று அம்மா அழுதுவிட்டார்.

எல்லாம் சரியாகிவிடும், சின்னப் பையன்தானே என்று பத்து நிமிடம் நானும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் அப்பா தன் போனில் ஒரு படம் காட்டினார். பையன் குப்பை போட்டு வைத்திருப்பதைக் காட்டத்தான் எடுத்திருக்கிறார். செய்தித்தாள் விரித்து, அதன் மேல் விளக்கின் ஒவ்வொரு பாகமும் கழற்றிய வரிசையிலேயே வைத்து, பக்கத்தில் பென்சிலால் எண் போட்டு, திருகாணிகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டிருந்தான். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. அன்று நேரமும் போதவில்லை. சொல்ல விட்டதை இங்கே எழுதுகிறேன் சார், உங்கள் நிலையில் இருக்கும் மற்ற வீடுகளும் படிக்கட்டும்.

முதலில் அந்த சீட். நீங்கள் கொண்டுவந்த காகிதத்தில் வருடம் ரூ.1,60,000 கல்விக் கட்டணம், விடுதிக்கு ரூ.90,000. நான்கு வருடத்துக்குப் பத்து லட்சம். அதற்கு அம்மாவின் நகையும் போதாது, ஊரிலிருக்கும் மனையையும் அடமானம் வைப்பதாகச் சொன்னீர்கள். டேட்டா சயின்ஸ் என்பது அடி முதல் நுனி வரை கணக்கு. நிகழ்தகவு, அணிகள், நுண்கணிதம், இவை மூன்றும் இல்லாமல் அந்தப் படிப்பில் ஒரு செமஸ்டர்கூடத் தாண்ட முடியாது. கணக்கில் 43 எடுத்த, அதில் துளியும் விருப்பமில்லாத பிள்ளையை அங்கே கொண்டுபோய்விட்டால் இரண்டாம் வருடத்தில் எட்டு அரியர் வைத்துக்கொண்டு போனை எடுக்காமல் இருப்பான். அப்படி வந்த பிள்ளைகளை இந்த அறையில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளை ஆசைப்பட்டு, கணக்கும் வந்து, பணம்தான் தடை என்றால் கடன் வாங்குங்கள் என்று நானே சொல்வேன். இங்கே ஆசை மாமாவுடையது, கடன் உங்களுடையது, படிக்க வேண்டியவன் மட்டும் பையன். இதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

மருத்துவம், சி.ஏ., வங்கித் தேர்வு என்றெல்லாம் மாற்று கேட்டீர்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் அந்த விளக்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

உங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடப்பது வெறும் தகரமில்லை. உடம்பு ஈயம் பூசிய இரும்புத் தகடு, மேலே கறுப்பு வார்னிஷ். ஓரங்களுக்குப் பித்தளை. முன்கண்ணாடியின் விளிம்பைச் சாய்வாகச் சீவியிருப்பார்கள். உள்ளே வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளி முலாம் பூசிய செம்புத் தகடு. பின்பக்கம் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்புக் கண்ணாடி, பின்னால் வருகிறவனுக்கு வண்டி தெரிவதற்காக. கீழே நீண்ட குழாய், அதற்குள் சுருள்வில், மெழுகுவத்தி எரிந்து குறையக் குறைய வில் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், ஆகவே சுடர் எப்போதும் கண்ணாடிக்கு நேராகவே நிற்கும். இவ்வளவும் ஒரு முழம் உயரத்துக்குள். நம் பக்கத்தில் இது எப்படி வந்தது என்றும் கேட்டீர்கள். இன்று டிராக்டர் இன்ஜினுக்குப் பெயர்போன சிம்சன் நிறுவனம் 1840-ல் சென்னையில் தொடங்கியபோது குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத்தான் இருந்தது. வசதியான வீடுகளில் கோச்சு வண்டி நின்ற காலம் அது. வண்டி போய்விட்டது, விளக்குகள் பரணில் தங்கிவிட்டன, இப்போது வீடுகளைப் பிரிக்கும்போது கடைத்தெருவுக்கு வருகின்றன.

இந்த விளக்கைச் சரிசெய்வது பாலிஷ் போடுகிற வேலை இல்லை. பாலிஷ் போட்டுக் கெடுத்த விளக்குகள்தான் சந்தையில் அதிகம். உள்ளே இருக்கும் வெள்ளி, முடியை விட மெல்லிய பூச்சு, மெருகேற்றுகிற பஃபிங் சக்கரத்தில் ஒரு தடவை காட்டினால் போதும், செம்பு தெரிந்துவிடும். பித்தளையைப் புளியில் ஊறவைத்துத் தேய்க்கிற பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. குத்துவிளக்குக்குச் சரி, அதையும் உடனே கழுவிவிட வேண்டும். அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் மேல்பரப்பிலிருக்கும் துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் திட்டுத்திட்டாகப் படரும்.

அதைவிடக் கடினம் பற்றவைப்பு. பழைய விளக்கின் மூட்டுகள் எல்லாம் வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று. அந்தக் கலவை 183 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். தெரியாதவர் கேஸ் சுடரைப் பிடித்தால் ஒரு மூட்டை ஒட்டப்போய் மற்ற நான்கு மூட்டும் கையோடு கழன்று வரும். தெரிந்தவர் பெரிய செம்பு முனை வைத்த பற்றுக்கோலைச் சூடாக்கி, மற்ற மூட்டுகளின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, அந்த ஓரிடத்தை மட்டும் தொட்டு எடுப்பார். நம் ஊரில் பாத்திரத்துக்கு நவச்சாரம் தூவி ஈயம் பூசுகிறவர்களின் கையில் இருந்த அறிவுதான் இது. ஒடுக்கு எடுப்பதும் அப்படித்தான். பித்தளையை அடிக்க அடிக்க அது இறுகும், இறுகியதை மேலும் அடித்தால் வெடிக்கும், நடுநடுவே மங்கிய சிவப்பு வரை காய்ச்சி இளக்க வேண்டும். ஆனால் காய்ச்சுவதற்கு முன்னால் அந்தத் துண்டைப் பற்றிலிருந்து பிரித்திருக்க வேண்டும். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்கிற அந்த வரிசையில்தான் தொழிலே இருக்கிறது. உங்கள் பையன் செய்தித்தாளில் எண் போட்டதை நான் ஏன் அவ்வளவு நேரம் பார்த்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொன்று சொல்கிறேன், அவனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். யாரும் தொடாமலே அவை வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல்தான் விளக்கமாயிற்று. அழுத்தி வடித்த பித்தளையின் உள்ளே அடங்கிக் கிடக்கும் இழுவிசையும் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் உலோகம் பிளந்துவிடும். கோச்சு விளக்கும் லாயத்துக்குப் பக்கத்திலேயே தொங்கிய பொருள். அதனால் பித்தளை ஓரத்தில் மயிரிழை போலக் கோடு இருக்கிறதா என்று பார்க்காமல் சுத்தியலைத் தூக்கக் கூடாது. வேதியியலில் 78 எடுத்த பிள்ளைக்கு இது எல்லாம் பாடமாகவே தெரியாது, கதை மாதிரி உள்ளே போகும்.

சரி, எங்கே படிப்பது? அரசு ஐடிஐயில் ஷீட் மெட்டல் ஒர்க்கர் என்று ஒரு வருடப் பிரிவு இருக்கிறது. தகட்டை வரைந்து வெட்டுவது, மடிப்பது, பற்றவைப்பது எல்லாம் அதில்தான் முறையாக வரும். எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு இல்லை, பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள், கிடைக்காவிட்டால் வெல்டர் பிரிவு. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் ரூ.750 உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வரும். நீங்கள் பத்து லட்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் எண்களைச் சொல்கிறேன்.

அதோடு, நீங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற இடம் ஒன்று இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953-லிருந்து காரைக்குடியிலேயே இயங்குகிறது. உலோகம் ஏன் அரிக்கிறது, முலாம் எப்படிப் பிடிக்கிறது என்பதெல்லாம் அவர்கள் ஆராய்ச்சியில் உண்டு. அங்கே மின்முலாம் பற்றி அவ்வப்போது குறுகிய காலப் பயிற்சிகளும் நடக்கும். அவனையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வெள்ளி முலாம் தொட்டியில் பெரும்பாலும் சயனைடு உப்பு இருக்கும், இணையத்தில் பார்த்து அதை வீட்டில் முயற்சிப்பது கூடவே கூடாது. காரீயப் பற்று வேலையும் பின்கட்டில் சமையலறைக்குப் பக்கத்தில் வேண்டாம், காற்றோட்டமான கொட்டகையில் செய்யட்டும், கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

ஐடிஐ முடித்த பிறகு அவனுக்கு இரண்டு பாதை. பட்டறைதான் பிடிக்கிறது என்றால் நாச்சியார்கோவிலிலோ சுவாமிமலையிலோ ஒரு பட்டறையில் ஒரு வருடம் வார்ப்பு வேலை பார்க்கட்டும், உடைந்து தொலைந்த பாகத்தைப் புதிதாக வார்க்கத் தெரியாமல் இந்தத் தொழில் முழுமையாகாது. அருங்காட்சியகம் பிடிக்கிறது என்றால் பட்டப்படிப்பு வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண் ஒரு வருடத்தில் காலாவதி ஆகிவிடாது, அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேரலாம், கட்டணம் உங்கள் சம்பளத்துக்குள் முடியும். அதற்கு மேல் நொய்டாவில் இருக்கும் இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் அரும்பொருள் பாதுகாப்பில் முதுகலை இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகளின் நோயான அரிப்பைத் தீர்க்க 1930-லேயே ஆய்வுக்கூடம் அமைத்தார்கள், அதை ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும். இங்கிலாந்தில் வெஸ்ட் டீன் கல்லூரியில் உலோகப் பாதுகாப்புக்கென்றே படிப்பு இருப்பதைப் பையன் கண்டுபிடித்து வைத்திருக்கிறான் என்று சொன்னீர்கள். நல்ல இடம்தான். ஆனால் மனையை விற்று அங்கே அனுப்பாதீர்கள். மாமா சொன்ன சீட்டுக்கு எதைச் சொன்னேனோ அதேதான் இதற்கும். உதவித்தொகை கிடைக்கிற தகுதியோடு இருபத்தைந்து வயதில் போகட்டும்.

வருமானத்தை மறைத்துப் பேச மாட்டேன். முதல் மூன்று வருடம் அவன் கைச்செலவுக்குத்தான் வரும். கோச்சு விளக்கு மட்டும் வைத்துக்கொண்டு யாரும் குடும்பம் நடத்த முடியாது. ஆனால் அதே கை பழைய கார் விளக்குக்கும் போகும், முதல் தலைமுறைக் கார்களில் கோச்சு விளக்கின் தம்பிகள்தான் இருந்தன, பிறகு கார்பைடில் தண்ணீர் சொட்டி எரிகிற விளக்குகள் வந்தன. கோயம்புத்தூரில் கார் அருங்காட்சியகமே இருக்கிறது, பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு பித்தளை மூடிக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ரயில்வே கைவிளக்கு, கோயில் தூண்டாமணி விளக்கு, செட்டிநாட்டு வீடுகளை ஓட்டலாக மாற்றுகிறவர்கள் தேடுகிற தாழ்ப்பாளும் கைப்பிடியும், எல்லாம் இந்த வேலைக்குள் வரும். விளக்குக்கு ஜோடிதான் விலை. ஒற்றை விளக்கைக் கொண்டுவருகிறவருக்கு, கையால் அதன் துணையைச் செய்து கொடுக்கத் தெரிந்தவனுக்கு வேலை நிற்காது. தொடக்கக் கருவிகளுக்கு நல்ல சுத்தியல்கள், அரம், பற்றுக்கோல், இடுக்கி, சின்ன அடைகல் என்று ரூ.20,000-க்குள் முடியும் என்பது என் கணக்கு. மெஷின் எதுவும் இப்போது வாங்கித் தராதீர்கள்.

சட்டத்தையும் அவன் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, வாங்கி விற்க உரிமம் வேண்டும். ஆகவே சரிசெய்து கொடுத்துக் கூலி வாங்குவதோடு நிற்கட்டும், வியாபாரம் பிறகு.

கடைசியாக, மாமா சொன்ன அந்த வார்த்தை. "நம்ம வீட்டுப் பிள்ளை பாத்திரத்துக்கு ஈயம் பூசவா?" என்று கேட்டாராம். நீங்கள் அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டீர்கள். அந்தக் கேள்வியில் எந்தச் சாதி எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்கிற பழைய கணக்கு இருக்கிறது, அதற்காக ஒரு பிள்ளையின் நான்கு வருடத்தைக் கொடுக்க வேண்டாம். அவர் மேல் மரியாதை இருக்கட்டும், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். "நாங்க முடிவு பண்ணிட்டோம் மச்சான்" என்று நீங்களே போனில் சொல்லுங்கள், அக்காவைச் சொல்லவிடாதீர்கள், அவரால் தம்பியிடம் அதைச் சொல்ல முடியாது.

இந்த வாரம் அந்த ரூ.50,000-ஐக் கட்டாதீர்கள். வருகிற சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், விளக்கையும் எடுத்து வரச் சொல்லுங்கள். மாட்டி முடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, எண் போட்ட செய்தித்தாளோடு அப்படியே கொண்டுவரட்டும், மேசையைக் காலி செய்து வைக்கிறேன்.