சடங்கு, வழிபாடு எதுவும் இல்லாமல் இயற்கையைக் கவனிப்பதே ஆன்மிகம் ஆகுமா?

ஆகும். அதற்கு மலையேற வேண்டியதில்லை. தினமும் கண்ணில் படும் ஒரு மரத்தை, கைபேசியை உள்ளே வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பாருங்கள்.

இலை உதிர்வதையே எடுத்துக்கொள்வோம். காற்றுதான் பிய்த்துப் போடுகிறது என்று நினைப்போம். உண்மையில் காம்பின் அடியில் மரமே ஒரு மெல்லிய செல் அடுக்கை உருவாக்கி இலையை விடுவிக்கிறது. அதற்கு முன்பே நைட்ரஜன் போன்ற சத்துகளில் பெரும்பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. உதிர்ந்த இடத்தை உற்றுப் பாருங்கள்: சின்னத் தழும்பு, அதற்குச் சற்று மேலே பெரும்பாலும் ஒரு மொட்டு. இழப்பைப் பற்றி எனக்கு யார் சொன்ன ஆறுதலையும்விட இது ஆழமாக இறங்கியது.

அப்புறம் சூரியன். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால்தான் பருவங்களே வருகின்றன. அதே சாய்வால்தான் சூரியன் உதிக்கும் இடமும் ஜூன் 21 வாக்கில் வடகோடிக்கும், டிசம்பர் 21 வாக்கில் தென்கோடிக்கும் போகும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் இந்த நகர்வு வேகமாக இருக்கும். அந்த இரு கோடிகளிலும் சில நாள் நின்றுவிட்டது போலவே தோன்றும்.

முதல் சில வாரம் சலிப்பாகத்தான் இருக்கும். அப்போதும் விட்டுவிடாதீர்கள்.