கிளினிக்கில் பொருந்திய பல் கேப், வெயிலில் மட்டும் தனியாகத் தெரிவது ஏன்?

இதற்குப் பெயர் மெட்டாமெரிசம். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வேறு விளக்கில் பிரிந்துவிடும். பல் நாற்காலியின் மஞ்சள் விளக்கை அணைத்துவிட்டு, சுமார் 5500 கெல்வின் பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும்.

அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு, பல்லைச் செதுக்கிய பிறகு ஷேடு, அதாவது கேப்புக்கான நிறம், எடுப்பது. வாய் திறந்தே இருந்தால் எனாமல் உலர்ந்து வெளுத்துவிடும். அதைப் பார்த்துச் செய்த கேப், பல் ஈரமானதும் துருத்திக்கொண்டு வெள்ளையாக நிற்கும். ஆகவே மரத்துப்போகும் ஊசிக்கும் முன்பே, லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, ஷேடு பார்த்துவிட வேண்டும்.

பல் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரித் தொகுப்பான வீட்டா கிளாசிக்கல் ஷேடு கைடில் 16 மாதிரிகள்: ஏ செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். எழுத்து வரிசையில் தேடாதீர்கள். மிக வெளிச்சமான பி1-இல் தொடங்கி மிக இருண்ட சி4-இல் முடியும் வெளிச்ச வரிசையில் அடுக்குங்கள்; கண்களைச் சற்றுச் சுருக்கினால் வெளிச்ச வேறுபாடு முதலில் தெரியும். சாயல் கொஞ்சம் பிசகினால் மன்னிக்கலாம், வெளிச்சம் பிசகினால் எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு பார்வைக்கு 5 முதல் 7 விநாடி போதும். அதற்குமேல் கண் களைத்து ஏமாற்றும். இடையே சாம்பல் நிற அட்டையைப் பாருங்கள். கேப் செய்யும் லேபுக்கு ஷேடு எண்ணோடு, மாதிரியையும் பல்லையும் சேர்த்து எடுத்த படமும் போகட்டும்.