லைட் இல்லாத சைக்கிள், நிக்காத கார்

கேள்வி: அண்ணே, எங்க சித்தப்பா நைட் ஷிப்ட் முடிச்சு சைக்கிள்ல வரும்போது கன்னியக்கோயில் பக்கம் பின்னாடி வந்த கார் அடிச்சு கால் எலும்பு முறிஞ்சிருச்சு. சைக்கிள்ல லைட் இல்ல, கறுப்பு சட்டை வேற, கண்ணுக்கே தெரியலன்னு கார்க்காரர் சொல்றாரு, ஊர்லயும் பாதி பேர் அதையே சொல்றாங்க. தப்பு சித்தப்பா மேலயா?
- வாசகர், ரெட்டிச்சாவடி

பதில்: தம்பி, முதல்ல சித்தப்பா நல்லபடியா எழுந்து நடக்கட்டும். "தெரியல"ங்கற பேச்சை என்னால ஏத்துக்கவே முடியல. ஹெட்லைட் எட்டுற தூரத்துக்குள்ள வண்டிய நிறுத்த முடியணும், அந்த வேகத்துல தான் ராத்திரி ஓட்டணும். 60ல போற கார் செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும், கண்ணு பார்த்து மூளைக்கு உறைச்சு கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ளயே ஒரு 25 மீட்டர் போயிடும், அப்புறம் பிரேக் பிடிச்சு நிக்க காஞ்ச ரோட்லயே இன்னொரு 20 மீட்டர் வேணும். டிம் லைட்ல கறுப்பு சட்டை அவ்வளவு தூரத்துல தெரியாது தான், அப்போ வேகத்த குறைக்க வேண்டியது யாரு? எதிர்ல ஹை பீம் அடிச்சு கண்ணு கூசினாலும் கால் பிரேக்குக்குத்தான் போகணும். மாடு படுத்திருந்தாலும் கிளை முறிஞ்சு கெடந்தாலும் இதே கணக்கு தான்.

ஆனா இனிமே சித்தப்பா உசுருக்காக லைட் மாட்டுங்க, பின்னாடி சிவப்பு லைட் கட்டாயம். பளிச்னு பச்சை கோட்டு வாங்கித் தராதீங்க, அது வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் பட்டாத்தான் ஜொலிக்கும், ராத்திரிக்கு உதவாது. ரேடியம் ஸ்டிக்கர பெடல்லயும் கணுக்கால் பட்டையிலயும் ஒட்டுங்க, மிதிக்க மிதிக்க அது மேலயும் கீழயும் ஆடும், அந்த ஆட்டத்தப் பார்த்ததுமே ஆள் மிதிச்சிட்டுப் போறாருன்னு ஓட்டறவனுக்கு சட்டுனு புரிஞ்சிடும்.

கேஸ் விஷயம். கன்னியக்கோயில் புதுச்சேரி எல்லை, அதனால எஃப்ஐஆர் அங்க இருக்கும், ஆனா நீங்க இருக்குறது கடலூர் மாவட்டம்ங்கறதால 1988 மோட்டார் வாகன சட்டப்படி நஷ்டஈட்டு மனுவ கடலூர்லயே போடலாம், 6 மாசத்துக்குள்ள போட்டுடுங்க. இன்சூரன்ஸ் வக்கீல் லைட் இல்லாததத்தான் முதல்ல கிளப்புவாரு, பயப்படாதீங்க, சித்தப்பா பக்கமும் கவனக்குறைவுன்னு முடிவானாலும் அந்த பங்கை மட்டும் தான் கழிப்பாங்க. அந்த இடத்துல தெருவிளக்கு எரியுதான்னு ராத்திரியில போய் போட்டோ எடுத்து வைங்க, சைக்கிள மட்டும் இப்போதைக்கு ரிப்பேருக்குக் குடுத்துடாதீங்க, அடி எங்க பட்டுச்சுன்னு அது தான் காட்டும்.