காபிக்கு வீட்டில் காய்ச்சும் சிரப்: சர்க்கரை எவ்வளவு, எத்தனை நாள் வைக்கலாம்?

கேள்வி: எனக்கு 43 வயது. ஆறு மாதங்களுக்கு முன் செய்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.1 சதவீதம் என்று வந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகள், காபிக் கடைகளில் கிடைப்பதைப் போல வெனிலா, பட்டை, ஏலக்காய் மணமுள்ள சிரப்புகளை வீட்டிலேயே காய்ச்சி வைக்கிறாள். கால் கிலோ சர்க்கரைக்குக் கால் லிட்டர் தண்ணீர் என்பது அவளுடைய கணக்கு. ரசாயனம் எதுவும் சேராததால் நல்லது என்று நினைத்து, நாளுக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி சிரப் என்று குடித்து வருகிறேன். சென்ற வாரம் அலமாரியில் இருந்த பாட்டிலில் பஞ்சு போல ஏதோ மிதந்தது. அதை எடுத்துவிட்டுக் கொதிக்க வைத்தால் போதுமா? சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா? இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் மாமனாருக்கும் இதைக் கொடுக்கலாமா? - வாசகி, கோவை

பதில்: அந்தப் பாட்டிலை முதலில் கொட்டிவிடுங்கள். பஞ்சு போல மிதப்பது பூஞ்சை. கண்ணுக்குத் தெரியும் பகுதியைக் கரண்டியால் எடுத்துவிட்டாலும் அதன் நுண்ணிய இழைகள் திரவத்துக்குள் பரவியிருக்கும். கொதிக்க வைத்தால் பூஞ்சை இறந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சில பூஞ்சைகள் வெளியிடும் நச்சுப் பொருள்கள் அடுப்பின் கொதிநிலைக்கு எளிதில் அழிவதில்லை. கால் கிலோ சர்க்கரை வீணாகிறதே என்று தயங்க வேண்டாம்.

சர்க்கரைப் பாகு கெடாது என்று நாம் நம்பி வந்திருக்க, இது ஏன் கெட்டது என்பதை உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்தகங்களில் பல திரவ மருந்துகளுக்கு அடிப்படையாக இருக்கும் சாதாரணச் சிரப்பில், இந்திய மருந்துத் தர நூலின்படி, 100 கிராமுக்கு 66.7 கிராம் சர்க்கரை இருக்கும். அந்த அடர்த்தியில், கிருமி தன் உடலில் வைத்திருக்கும் நீரையே சர்க்கரை வெளியே இழுத்துவிடுவதால், அதனால் அங்கே வளர முடிவதில்லை. உங்கள் மகள் காய்ச்சுவதோ சரிபாதி, அதாவது 50 சதவீதக் கரைசல். அது நாக்குக்குத் திகட்டும் அளவுக்கு இனித்தாலும், பூஞ்சைக்கும் ஈஸ்டுக்கும் வளரப் போதுமான நீர் அதில் மிச்சமிருக்கிறது. அடர்த்தியான பாகிலும் ஒரு சிக்கல் உண்டு. சூடாக ஊற்றி உடனே மூடிவிட்டால், நீராவி மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் குளிர்ந்து மீண்டும் பாகின் மேலேயே சொட்டும். அடியில் இருப்பது கெட்டியாக இருந்தாலும் மேலே ஒரு மெல்லிய ஏடு மட்டும் நீர்த்துப்போக, பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும். பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுத்து நன்றாக உலர்த்தி, ஆறிய சிரப்பை ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால், பாதிக்குப் பாதி சிரப்பை இரண்டு, மூன்று வாரங்கள் பயன்படுத்தலாம். பால், கிரீம் அல்லது பழச்சாறு கலந்ததை அவ்வளவு நாள் வைக்கக் கூடாது. நான்கைந்து நாள்களில் தீர்த்துவிட வேண்டும். பாட்டிலின் மேல் காய்ச்சிய தேதியை எழுதி ஒட்டுங்கள்.

கெட்டுப்போகாத சிரப்பாகவே இருந்தாலும் உங்களுக்கு அது நல்லதா என்பதுதான் எனக்குக் கவலை தரும் கேள்வி. நீங்கள் சொன்ன அளவில் காய்ச்சினால் ஏறத்தாழ 400 மில்லி சிரப் கிடைக்கும். 15 மில்லி பிடிக்கும் ஒரு மேசைக்கரண்டியில் 9 கிராமுக்குச் சற்று அதிகமான சர்க்கரை இருக்கும். இரண்டு கரண்டி வீதம் மூன்று காபிக்கு, நாளுக்குச் சுமார் 55 கிராம் ஆகிறது. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுபவர், உணவில் இயல்பாக இல்லாமல் நாமாகச் சேர்க்கும் சர்க்கரையையும் தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையையும் சேர்த்து 50 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல். காபியிலேயே நீங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.1 என்ற உங்கள் அளவு அந்த எல்லைக்குள் இருக்கும்போதே பிடித்து இறக்கிவிட முடியும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். காபியை விடச் சொல்லவில்லை. அதில் போகும் கரண்டியைத்தான் குறைக்கச் சொல்கிறேன்.

கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ இந்தக் கணக்கை மாற்றாது. அவற்றில் சிறிதளவு தாது உப்புகள் இருந்தாலும், பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். "சர்க்கரையைத் தொடுவதே இல்லை டாக்டர், எல்லாம் கருப்பட்டிதான்" என்று மனநிறைவோடு சொல்பவர்களின் பரிசோதனை முடிவுகளை நான் அடிக்கடி வருத்தத்தோடு பார்க்கிறேன். கருப்பட்டியின் சுவை பிடித்திருந்தால் சிறிதளவு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதையும் சர்க்கரைக் கணக்கில்தான் எழுத வேண்டும். செயற்கை இனிப்புகளைப் பொறுத்தவரை, உடல் எடையைக் குறைக்கும் வழியாக அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்பதையும் அதுவே குறிப்பிட்டது. சிரப் காய்ச்சும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழந்துவிடும், ஸ்டீவியா சூடு தாங்கும். மால்டிடால், சார்பிடால் போன்ற இனிப்பூட்டிகள் அளவு கூடினால் வயிற்று உப்புசமும் வயிற்றுப்போக்கும் தரும். இனிப்புக்கு மாற்று தேடுவதைவிட நாக்கைப் பழக்குவதே உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

அதற்கு ஒரு வழி இருக்கிறது, உங்கள் மகளின் ஆர்வத்தையும் கெடுக்க வேண்டியதில்லை. மணத்தையும் சர்க்கரையையும் பிரித்துவிடுங்கள். 200 மில்லி தண்ணீரில் எட்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டு, சிறு துண்டுப் பட்டையும் சேர்த்து, ஐந்து நிமிடம் கொதித்ததும் மூடி ஆறவைத்து வடிகட்டினால், சர்க்கரையே இல்லாத மணநீர் கிடைக்கும். சர்க்கரைதான் இதுவரை சிரப்பைக் காத்து வந்தது என்பதால், அது இல்லாத இந்த நீர் குளிர்சாதனப் பெட்டியிலும் மூன்று நாளைத் தாண்டக் கூடாது. ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, காபிக்கு ஒரு கட்டி வீதம் போட்டுக்கொள்வது சிறந்தது. அதுவும் வேண்டாம் என்றால், பில்டரில் காபித்தூளோடு ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டுவிட்டு வெந்நீர் ஊற்றுங்கள், டிகாஷனிலேயே மணம் இறங்கிவிடும். வெனிலா எசன்ஸ் என்றால் டம்ளருக்கு இரண்டு சொட்டு போதும். வெனிலாவின் மணம், இனிப்பு சற்றுக் கூடுதலாக இருப்பது போன்ற உணர்வை நாக்குக்குத் தருவதால், சிரப்பைக் குறைக்கும்போது இது கைகொடுக்கும். இரண்டு மேசைக்கரண்டி என்பதை இந்த வாரம் ஒன்றரையாகவும், அடுத்த வாரம் ஒன்றாகவும், பிறகு ஒரு தேக்கரண்டியாகவும் இறக்குங்கள். தேக்கரண்டிக்கு 3 கிராம் சர்க்கரை வீதம் மூன்று காபிக்கும் 9 கிராமோடு நின்றுவிடும்.

பட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தடித்த, ஒற்றைச் சுருளான பட்டையில், அதிகம் உட்கொண்டால் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் என்ற பொருள் கூடுதலாக உண்டு. இலங்கையில் கறுவா என்று அழைக்கப்படும், காகிதம் போன்ற ஏடுகள் பல சேர்ந்து சுருண்டு, விரலால் நொறுக்கினாலே உடையும் பட்டையில் அது மிகக் குறைவு. எப்போதாவது ஒரு துண்டு போடுபவர் அஞ்ச வேண்டியதில்லை. தினமும் சேர்ப்பவர்கள் கறுவாவையே வாங்குங்கள். பட்டைத்தூளைக் கரண்டிக் கணக்கில் கலக்கவும் வேண்டாம்.

உங்கள் மாமனாருக்குச் சர்க்கரைச் சிரப் சேர்த்த காபி வேண்டாம். மணநீர் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் வீட்டில் இரண்டு வகைப் பாட்டில்கள் இருக்கப்போவதால் ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும்போது, பதற்றத்தில் யாராவது சர்க்கரை இல்லாத பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டால் அது எந்தப் பயனும் தராது. அந்த நேரத்தில், நினைவோடு விழுங்கும் நிலையில் அவர் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ 15 கிராம் குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அளவு ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். நினைவு தவறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108ஐ அழையுங்கள். மணநீர்ப் பாட்டிலில் "சர்க்கரை இல்லை" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு, குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை மாமனாரின் கட்டிலுக்கு அருகில், வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். நீங்கள் மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பரிசோதனையைத் திரும்பச் செய்து, முடிவை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.